கலைச்சொல் தேவை: ஹாம் வானொலிக்காரரைத் தமிழில் எப்படி எழுதுவது?

க., சான் ஹோசே எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஜூன் முதல் வாரம் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பாம்பனிட்டோ நீர்மூழ்கிக்குக் கூட்டிப் போகிறோம். அவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு தயார் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன்.

பாம்பனிட்டோ 1943இல் போர்ட்ஸ்மத் கடற்படைக் கட்டுதளத்தில் கட்டிய கப்பல். பசிபிக் போரில் ஆறு முறை ரோந்து போய்த் திரும்பியது. 1982 முதல் மீனவர் துறையில் 45ஆம் மேடை அருகே அருங்காட்சியகமாக மிதக்கிறது. அதன் இயந்திரங்களையும் வானொலி அறையையும் ஓடும் நிலையில் வைத்திருக்க உழைத்த தொண்டர்களில் முன்னாள் நீர்மூழ்கி வீரர்களும் உண்டு, ஹாம்களும் உண்டு. ஹாம் என்றால் பணத்துக்காக இல்லாமல் விருப்பத்துக்காக, உரிமம் பெற்று, வானொலி அலையில் பிறரோடு பேசுபவர். போர்க்காலத்தில் கப்பலின் அழைப்புக்குறி, அதாவது வானொலியில் அதை அடையாளம் காட்டும் எழுத்துகள், என்ஜேவிடி. இன்று ஹாம்கள் அங்கிருந்து பேசும்போது என்ஜே6விடி. கலிபோர்னியாவுக்கு உரிய எண் 6 நடுவில் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். விஸ்கான்சினில் நிற்கும் கோபியா நீர்மூழ்கியும் இப்படித்தான்: அன்று என்பிக்யூவி, இன்று என்பி9க்யூவி.

இந்த ஹாம் என்பவரை எப்படி எழுதுவது? ‘வானொலி ஆர்வலர்’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு பெற்றோர், “பழைய பாட்டு விரும்பிக் கேட்பவர்களா?” என்று கேட்டார். பிள்ளைகளும் அப்படித்தான் நினைப்பார்கள். உதவுங்கள்.

இ., தஞ்சாவூர் எழுதியது:

அன்புள்ள க. அம்மா, நல்ல வேளையில் கேட்டீர்கள். ஹாமுக்கு ஆங்கிலத்தில் முறையான பெயர் அமெச்சூர் வானொலிக்காரர். அமெச்சூர் என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல். இலத்தீனில் அதன் வேர் அன்பு. விரும்பிச் செய்பவர் என்பதே முதற்பொருள். கூலிக்குச் செய்யாதவர், அரைகுறையாகச் செய்பவர் என்பவை பின்னால் ஏறிய பொருள்கள். ஆகவே கற்றுக்குட்டி என்ற வாடை எந்த மொழிபெயர்ப்பிலும் வரக்கூடாது.

என் பரிந்துரை ‘விழைஞர்’. விழை என்பது வினையடி. வினையடியில் ‘ஞர்’ சேருமா என்று யாரும் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: அறி, அறிஞர். பெயரில் சேர்வதற்குக் கலைஞர், கவிஞர், சங்கப் பாடல்களின் வலைஞர் எனச் சான்று பலவுண்டு. வானலை விழைஞர். ஓசையும் நன்று.

சு., விசாகப்பட்டினம் எழுதியது:

ஐயா சொல்வது இலக்கணப்படி சரியாக இருக்கலாம். நான் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஹாம் உரிமமும் வைத்திருக்கிறேன். எங்களுக்குள் ஹாம் என்போம், அழைப்புக்குறியைக் கால் சைன் என்போம், கருவிகள் வைத்திருக்கும் அறையை ஷேக் என்போம். வானலை விழைஞர் என்று மைக்கில் சொன்னால் எதிர்முனையில் இருக்கும் மதுரைக்காரரே திருப்பிச் சொல்லச் சொல்வார்.

அதைவிட முக்கியமான ஒன்று. நீர்மூழ்கியில் ‘ஒலி’ என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். அங்கே ஒலி என்றால் சோனார். எதிரிக் கப்பலின் சுழலி எழுப்பும் ஓசையைக் காதில் மாட்டிக் கேட்பவர் ஒருவர். புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டைத் தட்டிக் கரையோடு பேசுபவர் வேறொருவர். முன்னவர் வேலை நீருக்குள், ஒலியோடு. பின்னவர் வேலை பெரும்பாலும் கப்பல் மேலே வந்த பிறகு, மின்காந்த அலையோடு. குறிப்பில் ‘ஒலி அறை’ என்றும் ‘வானொலி அறை’ என்றும் எழுதினால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் சிற்றலை மேற்பரப்பிலேயே செத்துவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில மீட்டர் ஆழம் இறங்கும். நம் நாட்டு நீர்மூழ்கிகளுக்கு அந்த அலையை அனுப்பும் நிலையம் திருநெல்வேலிச் சீமையில், விஜயநாராயணத்தில் இருக்கிறது. 1990இல் தொடங்கினார்கள், பெயர் ஐஎன்எஸ் கட்டபொம்மன். அமெரிக்கக் கப்பலைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தெரியட்டும்.

இன்னொன்று. பாம்பனிட்டோ வகைக் கப்பலில் நீரின் அழுத்தத்தைத் தாங்கும் உள் ஓடு சுமார் 22 மில்லிமீட்டர் எஃகு. உள்ளே உட்கார்ந்து கைக்கருவியில் பேசினால் ஒரு சொல்லும் வெளியே போகாது. கம்பி ஓட்டைத் துளைத்து, மின்கடத்தாக் குமிழ் வழியாக வெளியேறி, மேல்தளத்துக்கு மேலே கட்டிய ஆன்டெனாவைப் பிடிக்க வேண்டும். அந்தக் குமிழ் விரிசல் விட்டு உப்பு படிந்தால் எல்லாம் போச்சு. அதைத் துடைப்பதும் பழைய அலைபரப்பியின் வெற்றிடக் குழாய்களை மாற்றுவதும் தெரிந்தவர் கை. அவரைத்தான் என்ன பெயரிட்டு அழைப்பது என்று இங்கே பேசுகிறோம்.

தி., யாழ்ப்பாணம் எழுதியது:

வணக்கம். நேசிப்பவர் என்ற பொருள்தான் வேண்டுமென்றால் நமக்கு ஒரு சொல் ஏற்கெனவே உண்டு: நேயர். ஆனால் அதை இலங்கை வானொலி எடுத்துக்கொண்டு விட்டது. நேயர் விருப்பம் என்று காலை, மாலை கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு நேயர் என்றால் கேட்கிறவர், கடிதம் போடுகிறவர். ஹாம் கேட்கிறவர் மட்டும் இல்லை, அனுப்புகிறவரும்தான். நேயரை இனி மீட்க முடியாது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

சு. ஐயாவின் வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒலி வேண்டாம், அலை வேண்டும். அப்படியானால் ‘அலைஞர்’ என்று வைத்தால் என்ன? மூன்றே மூன்று எழுத்தில் ஒரு பெயரும் அதற்கொரு ‘ர்’உம். பிள்ளைகளுக்குச் சொல்ல எளிது.

இ., தஞ்சாவூர் எழுதியது:

> அலைஞர் என்று வைத்தால் என்ன?

அலைஞர் என்றால் அலைந்து திரிபவர். வேண்டாம்.

ஆனால் நேற்று இரவு வேறொன்று தோன்றியது. ஹாம் என்ற ஒலிக்கு அருகில் நம்மிடம் ‘ஏமம்’ இருக்கிறது. பாதுகாப்பு என்று பொருள். வள்ளுவர் சினத்தைப் பற்றிச் சொல்லும்போது இனத்தை ‘ஏமப் புணை’ என்கிறார், கரை சேர்க்கும் தெப்பம். 2004 சுனாமியின்போது அந்தமானில் முகாமிட்டிருந்த ஹாம் குழு, தொலைபேசி எல்லாம் அறுந்த பிறகு செய்தி அனுப்பியது நினைவிருக்கும். பேரிடரில் ஏமம் தருபவர் ‘ஏமர்’. யாமம் என்பதற்கு ஏமம் என்றொரு வடிவும் உண்டு. இரவில்தான் சில சிற்றலை வரிசைகள் நெடுந்தொலைவு போகும் என்று சு. ஐயாவே உறுதி செய்வார். இரவுக் காவலும் ஏமம், காப்பும் ஏமம், புணையும் ஏமப் புணை. நீர், இரவு, காவல் மூன்றும் ஒரே சொல்லில் வருகின்றன. இதைவிடப் பொருத்தமாக வேறெங்கே கிடைக்கும்?

ப., சென்னை எழுதியது:

ஐயா, ஏமர் என்று படித்தவுடன் ஏமாந்தவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏமாறு, ஏமாற்று இரண்டும் தினமும் புழங்குகிற சொற்கள். ஏமம் புழக்கத்தில் இல்லை. புழங்குகிற சொல்தான் ஜெயிக்கும்.

நான் மென்பொருள் மொழிபெயர்ப்பில் இருக்கிறேன். சொல்லை அழகாகச் செய்து வைத்துவிட்டு, பயன்படுத்துகிறவர் அமைப்பை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஹாம் என்றே எழுதுங்கள். கிரந்தம் கூடாது என்பவர்கள் ‘காம்’ என்று எழுதச் சொல்வார்கள், அதை ஏழாம் வகுப்பில் கொடுக்க முடியாது. ‘ஆம் வானொலி’ என்றால் ஆமோதிப்பது போல் இருக்கிறது. ஹ இருக்கட்டும்.

நடுவில் ஒன்று: நம் கடற்படையின் வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைப்பதாக இருந்தார்கள், நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தச் சொல் நமக்கு எப்போதோ தேவைப்பட்டிருக்கும்.

சு., விசாகப்பட்டினம் எழுதியது:

வாக்லி வராமல் போனது எனக்கும் மனக்குறை. இங்கே குர்சுரா இருக்கிறது. 1969இல் ரீகாவில் படையில் சேர்ந்த கப்பல், 2001இல் ஓய்வு, அடுத்த ஆண்டே கடற்கரை மணலில் ஏற்றி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். உள்ளே நின்று விளக்குபவர்கள் ஓய்வுபெற்ற கடற்படையினர். டார்ப்பிடோக் குழாயில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டால் புத்தகமே வேண்டாம்.

மு., ஈப்போ எழுதியது:

சொல்லை அப்புறம் பார்க்கலாம். க., உங்கள் குறிப்பில் 1944 செப்டம்பர் இருக்கிறதா? இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயில்பாதையில் வேலை செய்து உயிர் பிழைத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளை ஜப்பானியர் சிங்கப்பூரில் கப்பல் ஏற்றினார்கள். உள்ளே கைதிகள் இருப்பது அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குத் தெரியாது. செப்டம்பர் 12ஆம் தேதி அந்தக் கப்பல் தொடரைத் தாக்கினார்கள். ராக்குயோ மாரு என்ற கப்பலை சீலயன் நீர்மூழ்கி மூழ்கடித்தது, கச்சிடோக்கி மாருவை பாம்பனிட்டோ. மூன்று நாள் கழித்து அதே பக்கம் வந்த பாம்பனிட்டோ, எண்ணெயில் ஊறி மரத்துண்டுகளைப் பிடித்துக் கிடந்தவர்களைக் கண்டது. பக்கத்தில் போய்க் குரலைக் கேட்ட பிறகுதான் யாரென்று புரிந்தது. 73 பேரை இழுத்து ஏற்றினார்கள். எண்பது பேர் அளவில் வேலை செய்யும் கப்பலில் 73 பேர் கூடுதல். வானொலியில் செய்தி போயிற்று. சீலயன் வந்து 54 பேரை ஏற்றியது. பிறகு குயீன்ஃபிஷ், பார்ப் என்ற நீர்மூழ்கிகள் இரண்டும் வந்து 32 பேரை. மொத்தம் 159.

அந்த ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்கள் எத்தனை ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பதை இங்கே எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. அதே தண்டவாளத்தில் பக்கத்தில் நின்று உழைத்தவர்களைத்தான் பாம்பனிட்டோ கடலிலிருந்து தூக்கியது. அந்த வானொலி அறையை இன்று பழுதுபார்ப்பவர்கள் காப்பாற்றுவது வெறும் பழைய கருவியை இல்லை. உதவிக்குக் கூப்பிட்ட செய்தி அந்தக் கப்பலிலிருந்துதான் போயிற்று. பிள்ளைகளுக்கு இது தெரியாமல் கூட்டிக்கொண்டு போய்ப் பயனில்லை.

க., சான் ஹோசே எழுதியது:

மு. ஐயா, முதல் பக்கத்தையே மாற்றி எழுதிவிட்டேன். மிக்க நன்றி. ரயில்பாதையைப் பற்றி ஒரு வரிகூட வைத்திருக்கவில்லை.

நேற்று வகுப்பில் விழைஞர், அலைஞர், ஏமர், ஹாம் நான்கையும் பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். விழைஞர் என்பதில் ழ, ஞ இரண்டும் அடுத்தடுத்து வருகிறது, பாதிப் பேருக்கு நாக்கு திரும்பவில்லை. அது அவர்கள் பழக வேண்டிய ஓசைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பக்கக் குறிப்பில் பன்னிரண்டு இடத்தில் வருகிற சொல்.

சு. ஐயாவின் ஒலி, அலை வேறுபாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். ‘வானலை அறை’ என்றும் ‘நீரொலி அறை’ என்றும் பிரித்துவிட்டேன். படிக்கும்போதே தெளிவாக இருக்கிறது.

தி., யாழ்ப்பாணம் எழுதியது:

வானலை என்று வைத்த பிறகு ‘ஆர்வலர்’ என்பதைத் திரும்பக் கொண்டுவரலாமே? முதல் குழப்பம் வானொலி என்ற சொல்லால் வந்தது, ஆர்வலரால் இல்லை. இ. ஐயாவுக்கு நினைவூட்டத் தேவையில்லை: அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ், ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும். அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். அமெச்சூருக்கு நீங்கள் தேடிய பொருள் அச்சொட்டாக அதுதான். புதுச்சொல் ஆக்கவே தேவையில்லை.

ப., சென்னை எழுதியது:

வானலை ஆர்வலர். சரி. என் வாக்கு இதற்கு. முதல் தடவை மட்டும் ‘ஹாம் எனப்படும் வானலை ஆர்வலர்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் ஹாம் என்றே விட்டுவிடுங்கள்.

மு., ஈப்போ எழுதியது:

ஆதரிக்கிறேன்.

இ., தஞ்சாவூர் எழுதியது:

தி. காட்டிய குறள் சரியே. ஆர்வலர் அங்கே அன்பரைத்தான் குறிக்கிறது. ஆனால் சொல் இன்று எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். சமூக ஆர்வலர், பறவை ஆர்வலர், சினிமா ஆர்வலர் எனக் கருத்துச் சொல்லும் எவரும் இன்று ஆர்வலர். ஹாம் அப்படியா? தேர்வு எழுதித் தேறி, அரசு உரிமம் பெற்று, தனக்கென்று ஒரு குறி வாங்கி, அதைச் சொல்லிவிட்டுத்தான் வாய் திறக்கிறார். பணத்துக்காக ஒரு சொல்லும் அனுப்பக்கூடாது என்ற கட்டுப்பாடும் அவருக்கு உண்டு. தகுதி பெற்றவரைத் தகுதி சுட்டாத சொல்லால் அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. விழைஞரில் அந்த ‘ஞர்’ தகுதியைக் கொண்டுவருகிறது. அறிஞர், கலைஞர் என்பவற்றோடு சேர்ந்து நிற்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சு., விசாகப்பட்டினம் எழுதியது:

தகுதி பற்றி ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மோர்ஸ் படிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு ஆர்வலரே போகட்டும். க. அம்மா, ஒன்று மட்டும் விடாதீர்கள்: ஜூன் முதல் வார இறுதியில், கேம்டனில் நிற்கும் நியூ ஜெர்சி போர்க்கப்பலின் ஹாம் நிலையம் நடத்தும் அருங்காட்சியகக் கப்பல் நிகழ்வு உண்டு. பல நாட்டுக் கப்பல்கள் ஒரே நேரத்தில் வானலைக்கு வரும். அந்த நாளில் நீங்கள் போனால், யாராவது இயக்கிக்கொண்டிருந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் மோர்ஸ் தட்டும் சாவியைத் தொடக்கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

க., சான் ஹோசே எழுதியது:

‘ஹாம் எனப்படும் வானலை ஆர்வலர்’ என்று முடித்து இன்று காலை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இ. ஐயாவின் மறுப்பை ஆசிரியர் கையேட்டில் விழைஞர் என்ற சொல்லோடு ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். கால் சைனுக்கு ‘அழைப்புக்குறி’ என்றே விட்டிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை என்பதால்.

இ., தஞ்சாவூர் எழுதியது:

நன்றி அம்மா. அழைப்புக்குறியை நான் மறுக்காமல் இருந்தது முதற்சொல்லில் மூழ்கி இருந்ததால். அது குறி இல்லை, பெயர். ஒருவர் தன்னையும் பிறரையும் விளிக்கப் பயன்படுத்துவது. எட்டாம் வேற்றுமையை வைத்திருக்கும் மொழிக்கு ‘விளிப்பெயர்’ இருக்க அழைப்புக்குறி எதற்கு? தனி இழையாகத் தொடங்குகிறேன்.