வயலை மண் போட்டு நிகத்திக் கட்டும் வீட்டில் சோலார் வைத்தால் அது பசுமை வீடா?

பார்வதிபுரம் தம்பி:
மக்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். நாகர்கோவிலுக்கு வெளியே பாசனச் சானல் கரையோரம் 5 சென்ட் வாங்கியிருக்கிறோம். பழைய பத்திரத்தில் நஞ்சை, இப்போது மனை, அங்கீகாரம் எல்லாம் சரியாக இருக்கிறது. 1,100 சதுர அடியில் வீடு. கூடவே 3 கிலோவாட் சோலார் (78,000 ரூபாய் மானியம் வருகிறது), மழைநீர்த் தொட்டி, மொட்டைமாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ், முன்னால் ஒரு வேம்பு, பின்னால் ஒரு மா. பூமி சூடாகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள், நம்மால் ஆனதைச் செய்வோம் என்றுதான். வேறு என்ன சேர்க்கலாம்?

தேரூர்க்காரன்:
தம்பி, கேட்டதால் சொல்கிறேன், கோபப்படாதே. தண்ணீர் நிற்கும் நெல்வயலில் ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் ஆவியாகும். ஒரு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 200 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும், அதைச் சுற்றுப்புறத்திலிருந்துதான் எடுக்கும். அதாவது ஒரு சென்ட் வயல் ஒரு நாளில் இழுக்கும் சூடு, ஒன்றரை டன் ஏசி ஒன்று 24 மணி நேரமும் ஓடி இழுப்பதற்குச் சமம். கரண்ட் பில் கிடையாது. உன் 5 சென்ட்டில் ஐந்து ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்துவிட்டு மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டப் போகிறாய். இதற்குப் பசுமை வீடு என்று பெயர்!

பார்வதிபுரம் தம்பி:
அண்ணே, நிகத்தியது நான் இல்லை. நான் பார்க்கப் போனபோதே நாலு அடி செம்மண் அடித்துக் கல் நட்டிருந்தார்கள். நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான், அவன் சோலாரும் வைக்க மாட்டான். மேட்டு விளையில் (வயல் அல்லாத தோட்ட நிலத்தில்) சென்ட் என்ன விலை போகிறது என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

தேரூர்க்காரன்:
நாலு அடியா? 5 சென்ட்டுக்கு நாலு அடி என்றால் 87 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி), ஏறக்குறைய 30 டிப்பர். எந்தப் பொற்றையை, எந்தச் சிறு குன்றை வெட்டிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டாயா?

கொத்தனார் மகன்:
அண்ணாச்சி, நீங்கள் வயல் வைத்திருக்கிறீர்களா, இல்லை குளக்கரையில் நடந்து போகிற ஆளா? என் அப்பா கொத்தனார் வேலை இல்லாத நாளில் வயல்காரர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் போட்டார். கன்னிப்பூ அறுக்கிற நேரத்தில் மழை பிடித்து, கதிர் வயலிலேயே முளைத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். களத்தில் அள்ளிப் போட்டால் பச்சையாக முளை நீட்டிக்கொண்டு கிடக்கும், கோழிக்குப் போட்டால்கூடக் கொத்தாது. நடவுக்கு ஆள் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு விற்றோம். ஊருக்கு ஏசி போடுகிற வேலையை விவசாயி மட்டும் ஏன் சும்மா செய்ய வேண்டும்? அப்புறம், நெல்வயலில் தண்ணீர் தேங்கினால் மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

தேரூர்க்காரன்:
மீத்தேன் உண்மைதான். அதற்குத்தான் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்கிறார்கள், இடையிடையே வயல் காய்ந்தால் மீத்தேன் நன்றாகக் குறையும். காய்கிற நாளில் ஏசி கொஞ்சம் மெதுவாக ஓடும், ஒத்துக்கொள்கிறேன். விவசாயிக்கு யாரும் ஒன்றும் கொடுப்பதில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் 40 சென்ட்தான் வைத்திருக்கிறேன், அதுவும் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டது.

ஆனால் சூடு மட்டுமா விஷயம்? பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் வழியே குளத்துக்கு வந்து, குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து, கீழே இருக்கிற ஏலாவில் (வயல்வெளியில்) பரந்து, அடுத்த குளத்துக்குப் போகும். அப்படித்தான் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தையே அமைத்திருக்கிறார்கள். 2022-ல் சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் இரண்டு ஈரநிலங்களுக்கும் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற) அந்தஸ்து கொடுத்தார்கள், சந்தோஷம். குளத்தைக் காப்பாற்றிவிட்டுக் கீழே வயலை முழுக்க நிகத்தினால் மறுகால் தண்ணீர் எங்கே போகும்? 5 சென்ட் வயலில் அரை அடி தண்ணீர் நின்றால் 30,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் முப்பது. உன் மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டர் தம்பி?

பார்வதிபுரம் தம்பி:
5,000.

இரணியல் அக்கா:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எல்லோரும் நிலத்தையே பேசுகிறீர்கள், வீட்டைப் பேசுங்கள். நாங்கள் இன்னும் ஓட்டு வீட்டில்தான். மார்ச் மாதம் மத்தியானம் எங்கள் திண்ணையில் உட்காரலாம், எதிர் வீட்டு கான்கிரீட் வார்ப்புக்குள் உட்கார முடியாது, இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போய் நின்று பாருங்கள், மரச் சட்ட ஜன்னல், இறக்கிவிட்ட கூரை, முற்றம், அவ்வளவுதான். இப்போது வார்ப்பு போட்டுவிட்டு, சூடு தாங்காமல் அதன்மேல் இரும்புச் சட்டத்தில் டிரஸ் அடித்து ஷீட் போடுகிறோம். அந்த ஷீட் காசுக்கு முதலிலேயே ஓடு போட்டிருக்கலாம்.

அதற்காக ஓட்டைப் புகழ்ந்துகொண்டே இருக்க மாட்டேன். 2017 நவம்பர் 30, ஓகி புயல் அன்று எங்கள் ஓட்டில் பாதி பறந்துவிட்டது, அயனி மரக்கிளை ஒன்று அடுக்களைக்குள் கிடந்தது. நாங்கள் எதிர் வார்ப்பு வீட்டில்தான் போய் ஒதுங்கினோம். கரண்ட் வர ஒன்பது நாள் ஆயிற்று. தம்பி, இதையும் கேட்டுக்கொள்: மானியத்தில் வைக்கிற சோலார் பெரும்பாலும் ஆன்-கிரிட், அதாவது மின்வாரிய லைனோடு சேர்த்து ஓடுவது. லைனில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், வெயில் சுட்டெரித்தாலும் ஒரு பல்ப் எரியாது. லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். புயலுக்கு வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் கேள்.

சுங்கான்கடை சிவில்:
ஒரு சின்னக் கணக்கு. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்றால் தம்பி வீட்டுக்கு 440 மூட்டை சிமெண்ட், 22 டன். அதைச் செய்வதில் ஏறக்குறைய 14 டன் கார்பன் டை ஆக்சைடு போகும். 3 கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு 12 யூனிட் தந்தால் வருஷத்துக்கு 3 டன் மிச்சம். ஆக சிமெண்டுக் கடனை ஐந்து வருஷத்தில் சோலார் அடைத்துவிடும், சும்மா கேலி செய்ய வேண்டாம். வயல் கடனை அது அடைக்காது, அது வேறு கணக்கு. மண்ணை முழுக்க நிரப்பாமல் பில்லர் எழுப்பி, தரைமட்டத்தில் பிளிந்த் பீம் (கான்கிரீட் உத்தரம்) போட்டு, கீழே தண்ணீர் போக வழி விட்டும் கட்டலாம். செலவு கூடும். பாம்பு வரும் என்று வீட்டில் சொல்வார்கள், அதுவும் சரிதான்.

கொத்தனார் மகன்:
கூடும் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். கட்டிக் கொடுக்கிறவன் நான். லோன் வாங்குகிறவன் அவன்.

பார்வதிபுரம் தம்பி:
நேற்று சாயங்காலம் நல்ல மழை. இவ்வளவு பேசுகிறீர்களே என்று பைக் எடுத்துக்கொண்டு மனையைப் பார்க்கப் போனேன். வடகிழக்கு மூலையில் எல்லைக் கல் பக்கம் நாலு அடி மண்ணுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து ரோட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, கலங்கலாகக்கூட இல்லை, தெளிவாக. பக்கத்தில் மாடு கட்டியிருந்த பாட்டி சொன்னார், "மக்கா, அதுதான் பழைய வாய்க்கால், அது பாதையை விடாது" என்று. தேரூர் அண்ணே, நீங்கள் சொன்னது அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த மூலையில் ஒரு சென்ட் மண்ணைத் திருப்பி அள்ளிவிடலாமா என்று பார்க்கிறேன்.

தேரூர்க்காரன்:
ஒரு ஏசி திரும்ப ஓடும். மீதி நாலு?

பார்வதிபுரம் தம்பி:
மீதி நாலுக்கு பேங்க் லோன் ஓடுகிறது அண்ணே.

கொத்தனார் மகன்:
தம்பி, மண்ணை அள்ளுவது அப்புறம். பிளானை எடுத்துப் பார், செப்டிக் டேங்கை எந்த மூலையில் குறித்திருக்கிறார்கள்? வாய்க்கால் பக்கம் என்றால் முதலில் அதை மாற்றச் சொல்.