ஆக்குபேஷனல் தெரபி படிக்க வைக்கலாமா?

திருமங்கலம் அப்பா: மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். ஆக்குபேஷனல் தெரபிதான் வேண்டும் என்கிறாள். பிசியோதெரபி மாதிரிதானா?

மேலூர்க்காரி: இல்லை அண்ணே. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான்; அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குவதுதான் எங்கள் சிகிச்சை. பக்கவாதம் வந்தவருக்குக் கை அசைந்தால் மட்டும் எங்களுக்குப் போதாது. அந்தக் கையால் சோறு பிசைய வேண்டும், பொத்தான் போட வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது மதுரையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் வந்தார். விரலில் நார் நிற்கவே இல்லை. முதலில் தடித்த கயிறு கொடுத்தோம், அப்புறம் வாழைநார், கடைசியாகத்தான் மல்லிகை மொட்டு. அவர் முதல் கண்ணியை இறுக்கியது எனக்குப் பட்டத்தைவிடப் பெரிது. தாராளமாகச் சேருங்கள்.

உசிலம்பட்டி தம்பி: வெளிநாட்டில் செல்லுமா அக்கா?

மேலூர்க்காரி: அந்தந்த நாட்டின் உரிமம் தனியாக வாங்க வேண்டும் தம்பி. படிப்புக்கு உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் (WFOT) அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். அதற்கு 1000 மணி நேரக் களப்பயிற்சியாவது இருக்க வேண்டும். வேலூர் சிஎம்சியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது.

திருமங்கலம் அப்பா: சரிம்மா, விண்ணப்பம் போடுகிறோம்.