‘டவுன் இன் தி லாபி’: அந்த ‘டவுன்’ அங்கே எதற்கு?

சப்டைட்டில்காரி:
ஆங்கிலப் பேச்சைத் தமிழில் இரண்டு வரிக்குள் அடக்குவது என் வேலை. பெரிய சொற்கள் அவ்வளவாகப் படுத்துவதில்லை, அகராதி இருக்கிறது. ‘இன்’, ‘அட்’, ‘பை’ போன்றவற்றுக்கு முன்னால் வந்து உட்காரும் குட்டிச் சொற்கள்தான் ஆளை அலைக்கழிக்கும். ‘அவுட் இன் தி கார்டன்’, ‘அப் இன் தி ஆட்டிக்’, ‘ஓவர் பை தி விண்டோ’. தோட்டத்தில், பரணில், ஜன்னலோரம் என்று எழுதினாலே பொருள் வந்துவிடுகிறது. அப்புறம் அந்த ‘அவுட்’, ‘அப்’, ‘ஓவர்’ எல்லாம் எதற்கு? எங்கள் தொழிலில் இடம் பற்றாவிட்டால் முதலில் வெட்டு விழுவது இவற்றின் மேல்தான்.

ஒரு தொலைபேசிக் காட்சி வந்தது. பேசுகிறவர் முகம் தெரியாது, குரல் மட்டும். ‘ஹி இஸ் டவுன் இன் தி லாபி’ என்கிறார். பேசுகிறவர் கீழே நிற்கிறாரா, மாடியில் இருக்கிறாரா என்பதில்தான் அந்தக் காட்சியே இருக்கிறது. அதைச் சொல்வது அந்த ஒரு ‘டவுன்’ மட்டும். ‘இன் தி லாபி’ மற்றவன் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. ‘டவுன்’ பேசுகிறவர் மேலே இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கிறது. ‘கீழே லாபியில இருக்கான்’ என்று எழுதினேன், சரியாக உட்கார்ந்தது. நாமும் இப்படித்தானே பேசுகிறோம்? மேலே மாடியில், உள்ளே ரூமில், வெளியே வாசலில். நம் வாயில் இயல்பாக வருவதை ஆங்கிலத்தில் பார்த்ததும் ஏனோ மிகைச்சொல் என்று நினைத்துவிடுகிறோம்.

‘அவுட் இன் தி கார்டன்’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பார். ‘ஓவர்’ இன்னும் நுணுக்கம். நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, அதைத் தாண்டி அந்தப் பக்கம் என்று கை நீட்டுகிற மாதிரி. ‘அதோ அந்த ஜன்னல் பக்கத்துல’ என்பதில் உள்ள ‘அதோ’வுக்கு ரொம்பவே நெருக்கம். உங்களுக்கு இப்படி எதாவது மாட்டியிருந்தால் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட்:
எங்களிடம் வம்பு செய்வது ‘பேக்’. வாடிக்கையாளர் புகார்களைப் படித்துச் சுருக்கம் எழுதும் குழு எங்களுடையது. ‘பேக் இன் ஜூன், ஐ ஆர்டர்ட் எ பிரிண்டர்’ என்று ஒருவர் ஆரம்பித்திருந்தார். புதிதாக வந்த பையன் சுருக்கத்தில், ‘வாடிக்கையாளர் ஜூனில் திரும்பி வந்து பிரிண்டர் வாங்குவார்’ என்று எழுதிவைத்துவிட்டான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. ‘ஐ வில் பி பேக் இன் ஜூன்’ என்றால் திரும்பி வருவதுதான். அங்கே ‘பேக்’ வினையோடு ஒட்டிக்கொள்கிறது, ‘இன் ஜூன்’ தனியாக நின்று எப்போது என்று சொல்கிறது. புகாரில் இருந்த ‘பேக்’ அப்படியில்லை. அது ‘இன் ஜூன்’ மேலேயே சாய்ந்துகொண்டு, கடந்துபோன ஜூன், கொஞ்ச நாளாகிவிட்டது என்கிறது. ‘அப்போ ஜூன் மாசத்துல’ என்று நாம் இழுப்போமே, அந்த ‘அப்போ’. வினை இறந்தகாலத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் எதிர்காலத்துக்கு இதற்கு ஜோடியே கிடையாது. வரப்போகும் ஜூனுக்கு முன்னால் ‘ஃபார்வர்ட்’ போட்டு யாரும் பேசி நான் கேட்டதில்லை.

‘ஹி இஸ் பேக் அட் தி ஆபீஸ்’ என்பதும் அதே ரகம். வெளியே போனவர் ஆபீசுக்குத் திரும்பிவிட்டார் என்றும் கொள்ளலாம், நாம் விட்டுவிட்டு வந்த ஆபீசிலேயே அவர் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். முன்பின் படிக்காமல் சொல்ல முடியாது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார்:
நான் இடத்தை விட்டுவிட்டு அளவுக்கு வருகிறேன். வகுப்பில் எந்தத் தொகுதி வந்தாலும் ‘வெரி பிஃபோர் நைன்’ என்று ஒரு குரல் கேட்கும். ஒன்பதுக்கு ரொம்ப முன்னாடி என்பதை நேரே தூக்கி வைக்கிறார்கள். நம் ‘ரொம்ப’ எல்லாவற்றோடும் சேரும்; ஆங்கிலத்து ‘வெரி’க்கு அந்தத் தாராளம் இல்லை. ‘வெரி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வெல்’ அல்லது ‘லாங்’ வரும்: ‘வெல் பிஃபோர் நைன்’, ‘லாங் ஆஃப்டர் மிட்நைட்’. பேச்சில் ‘வே பிஃபோர்’ என்பார்கள், அலுவலகக் கடிதத்தில் அது கொஞ்சம் தளர்வாகத் தெரியும்.

உடனே ஒரு புத்திசாலி மாணவி கேட்டாள்: அப்படியானால் ‘வெரி இன் லவ்’, ‘வெரி அவுட் ஆஃப் டேட்’ எல்லாம் எப்படி வருகிறது? நல்ல கேள்வி. அந்தத் தொடர்கள் பார்ப்பதற்குத்தான் முன்னிடைச்சொல்லில், அதாவது ‘இன்’, ‘அட்’, ‘பிஃபோர்’ மாதிரி பிரிபொசிஷனில், தொடங்குகின்றன. வேலை செய்வது பெயரடை மாதிரி. ஒருவருடைய நிலையைச் சொல்கின்றன, அதனால் ‘வெரி’யைச் சேர்த்துக்கொள்கின்றன.

‘வெல்’லுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அது எல்லைக்கோடு உள்ள இடத்தில்தான் நிற்கும். ‘வெல் விதின் தி லிமிட்’, ‘வெல் எபவ் ஆவரேஜ்’, ‘வெல் இன்டு தி நைட்’. கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி என்பதை அது அளக்கிறது. ‘வெல் இன் தி ரூம்’ என்று சொல்ல முடியாது, அறைக்குள் இருந்தால் இருக்கிறோம், அதில் என்ன கூடக் குறைய? ‘ரைட்’ இதற்கு நேர் எதிர். அது புள்ளியைத் தேடும். ‘ரைட் இன் தி மிடில்’ என்றால் நட்டநடுவில். ‘ரைட் பிஃபோர் நைன்’ என்றால் ஒன்பதை ஒட்டி. ஆக, ‘வெல் பிஃபோர் நைன்’ என்று சொன்னவரிடம் எட்டு ஐம்பத்தெட்டுக்குப் போய் நின்றால் அவர் முகம் சுளிப்பார்; ‘ரைட் பிஃபோர் நைன்’ என்றால் அதே நேரம் கச்சிதம். நடுவில் ‘ஷார்ட்லி’, ‘ஜஸ்ட்’ இரண்டும் இருக்கின்றன, அவை பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ‘ஸ்ட்ரெய்ட் டு பெட்’டில் வரும் ‘ஸ்ட்ரெய்ட்’ வழியில் எங்கும் நிற்காமல் என்பது, நம் ‘நேரே’ போதும்.

இலக்கணப் பைத்தியம்:
வாத்தியார் ‘ரைட்’டைத் தொட்டுவிட்டதால் சும்மா இருக்க முடியவில்லை. பொதுவான ஆங்கிலத்தில் ‘ரைட் குட்’, ‘ரைட் ஸ்லோலி’ வராது. அமெரிக்கத் தெற்கிலும் இங்கிலாந்தின் வடக்கிலும் வட்டாரப் பேச்சில் ‘ரைட் குட்’ உண்டு, அதை ஒதுக்கிவைப்போம். மற்றபடி ‘ரைட்’ தேடிப் போவது ‘இன் தி மிடில்’, ‘பிஹைண்ட் தி டோர்’ போன்ற தொடர்களைத்தான். அதனால் ஒரு சொல் முன்னிடைச்சொல்லா என்று பார்க்க மொழியியலாளர்கள் ‘ரைட்’டை ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். இப்போது சப்டைட்டில் தோழி சொன்ன ‘டவுன்’, ‘அவுட்’, ‘அப்’ மீது அதை வைத்துப் பாருங்கள். ‘ரைட் டவுன்’, ‘ரைட் அவுட்’, ‘ரைட் அப்’ மூன்றும் வருகின்றன! அப்படியானால் இவை வினையடைகளா, பின்னால் பெயர் வராத முன்னிடைச்சொற்களா?

டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இலேயே வினையடைக்கும் முன்னிடைச்சொல்லுக்கும் நடுவே சுவர் எழுப்ப வேண்டியதில்லை என்று எழுதினார். அமெரிக்க மொழியியலாளர் ரே ஜாக்கென்டாஃப் 1973இல் பெயர் துணையில்லாத முன்னிடைச்சொல் என்ற கருத்தை வலுவாக முன்வைத்தார். 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த பெரிய கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூலும் அந்தக் கட்சிதான். அகராதிகளில் பெரும்பாலானவை இன்னும் ‘வினையடை’ என்றே போடுகின்றன. என் கட்சி 2002. ஆனால் பேசக் கற்றுக்கொள்கிறவருக்கு இந்தச் சண்டை தேவையில்லை, வாத்தியார் வகுப்பில் கொண்டுபோகாமல் இருக்கக் கடவது.

பழைய கடிதம் படிப்பவர்:
‘அப்’, ‘டவுன்’ என்றால் உயரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் படிக்கும் ஆங்கிலேயக் கடிதங்களில் வடக்கே இருப்பவரும் ‘அப் டு லண்டன்’தான் போகிறார். வரைபடத்தில் லண்டன் அவருக்குக் கீழே இருக்கிறது, அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயிலும் லண்டனை நோக்கிப் போகும் பாதைக்கு ‘அப்’ என்றுதான் பெயர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போவது ‘கோயிங் அப்’, அங்கிருந்து விரட்டப்பட்டால் ‘சென்ட் டவுன்’. அமெரிக்கர்களுக்கோ பெரும்பாலும் வடக்கு மேலே, தெற்கு கீழே; மன்ஹாட்டனில் டவுன்டவுன் தெற்கு முனை. இத்தனைக்கும் நடுவே ஆங்கிலேயர் ‘டவுன் தி பப்’ என்கிறார்கள். இறக்கமும் இல்லை, தெற்கும் இல்லை, வழக்கமாகப் போகிற இடம், அவ்வளவுதான். இதற்கு விதி தேடுவதை நான் விட்டாயிற்று.

இரவு ஷிப்ட்:
@பழைய கடிதம்: ‘டவுன் தி பப்’பில் ‘டு’ எங்கே போனது?

பழைய கடிதம் படிப்பவர்:
விழுங்கிவிட்டார்கள். பேச்சுவழக்கு அது, எழுதும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பிங் வசனம்:
தாமதமாக வருகிறேன். சப்டைட்டிலில் வெட்டிவிடலாம், எங்களுக்கு வாய் அசைவு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் குழந்தையிடம் அம்மா சொல்கிறாள்: ‘கம் ஆன் அவுட் ஃப்ரம் அண்டர் தேர்’. எண்ணிப் பாருங்கள், ‘கம்’முக்கும் ‘தேர்’ருக்கும் நடுவில் நாலு குட்டிச் சொற்கள். ‘அண்டர் தேர்’ அந்த அடியில். ‘ஃப்ரம்’ அங்கிருந்து. ‘அவுட்’ வெளியே. எல்லாம் அப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்தால் தமிழ்: ‘அந்த அடியிலிருந்து வெளியே வா’. மிஞ்சுவது ‘ஆன்’. அது எந்த இடத்தையும் காட்டவில்லை, பயப்படாதே, வந்துடு என்று தட்டிக்கொடுக்கிறது. ‘கம் ஆன் இன்’, ‘கம் ஆன் ஓவர்’ எல்லாவற்றிலும் அதற்கு அதே வேலைதான். நான் அதை வினையில் ஏற்றினேன்: ‘அடியிலேருந்து வெளிய வந்துடு, கண்ணா’. அசைவில் கடைசி அரை நொடி மிச்சமானதால்தான் அந்தக் ‘கண்ணா’.