நிலா பூமியைச் சுற்றுகிறதா, இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றனவா?

கேள்வி: மன்னார்குடி ஆசிரியை

மன்னார்குடிக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் எடுக்கிறேன். பூமியின் ஈர்ப்புதான் நிலாவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நேற்றுச் சொன்னபோது, "நிலாவும் பூமியை இழுக்குமே டீச்சர், பூமி மட்டும் எப்படி அசையாமல் இருக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அரைகுறையாகச் சொல்ல மனம் வராமல், நாளை சொல்கிறேன் என்று நிறுத்திவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படியும், அறிவியலில் பிழை நேராதபடியும் இதை எப்படிச் சொல்வது?

பதில்: களத்துமேடு

அம்மா, உங்கள் மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. பூமி அசையத்தான் செய்கிறது. அறுவடை முடிந்த களத்தில் அண்ணனும் சின்னத் தங்கையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தங்கை பெரிய வட்டமாகச் சுற்றி வருவாள். அண்ணன் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றினாலும் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டுதான் நிற்பான். ஆட்டம் முடிந்தபின் புழுதியைப் பார்த்தால் அவன் குதிகாலும் ஒரு சிறு வட்டம் போட்டிருக்கும்.

பூமியின் நிறை நிலாவின் நிறையைப்போல் ஏறத்தாழ 81 மடங்கு. இரண்டுக்கும் இடையே சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவு இருப்பதால், இரண்டும் சுற்றிவரும் பொது நிறைமையம் (இரண்டின் நிறையும் சமன்படும் புள்ளி) பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி, அதாவது நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஆழத்தில் விழுகிறது. அந்தப் புள்ளியை நிலா 27.3 நாளில் ஒருமுறை சுற்றிவர, அதே 27.3 நாளில் பூமியின் மையமும் எதிர்ப்புறமாக நின்று தன் சிறு வட்டத்தை முடிக்கிறது. அந்தச் சிறு வட்டத்தில் பூமி போகும் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்தான். நம் ஊர் டவுன் பஸ்ஸின் வேகம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். புள்ளி பூமிக்குள்ளேயே கிடப்பதால்தான் "நிலா பூமியைச் சுற்றுகிறது" என்ற வழக்கு நிலைத்துவிட்டது. புளூட்டோவுக்கும் அதன் துணைக்கோளான சாரோனுக்கும் அந்தப் புள்ளி இரண்டுக்கும் வெளியே, நடுவெளியில் இருக்கிறது.

பதில்: கோடியக்கரை வாசி

இதோடு சேர்த்து என் நெடுநாள் ஐயத்தையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் கடலில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. நிலா இழுப்பதால் ஏறுகிறது என்றால், நிலா இருக்கும் பக்கம் ஒருமுறை ஏறினால் போதுமே. மறுபக்கம் எதற்காக ஏற வேண்டும்? பூமி அந்தப் புள்ளியைச் சுற்றுவதால் மறுபக்கத்து நீர் வெளியே வீசப்படுகிறது என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

பதில்: களத்துமேடு

அந்த விளக்கம் பரவலாகச் சொல்லப்பட்டாலும் சரியன்று, ஐயா. நிலாவின் இழுப்பு தொலைவு கூடக் கூடக் குறையும். நிலாவைப் பார்த்த பக்கத்து நீரை அது அதிகமாகவும், பூமியின் மையத்தை அதைவிடக் குறைவாகவும், மறுபக்கத்து நீரை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது. முன்பக்க நீர் பூமியை முந்துகிறது. பின்பக்க நீர் பின்தங்குகிறது. ஆகவே இரு பக்கமும் நீர் மேடிடுகிறது. இழுப்பைவிட, இழுப்பில் உள்ள இந்த வேறுபாடே காரணம். பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் சற்று நகர்ந்துவிடுவதால், ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. சூரியனும் இதே வேலையைப் பாதிக்குச் சற்றுக் குறைவான வலிவோடு செய்கிறது. மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக ஏறுவதை உங்கள் ஊரார் எவரும் சொல்வார்களே.

பதில்: மன்னார்குடி ஆசிரியை

இருவருக்கும் நன்றி. வாய்க்கால் களிமண்ணில் 810 கிராம் உருண்டை ஒன்றும், 10 கிராம் உருண்டை ஒன்றும் பிடித்து, ஒரு மீட்டர் மூங்கில் சிம்பின் இரு முனையிலும் குத்தி வைத்து, நூலில் கட்டித் தூக்கிப் பார்க்கும்படி இன்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். சிம்பில் எந்த இடத்தில் நூலைக் கட்டினாலும் பெரிய உருண்டை கீழே சாய்ந்தது. கேள்வி கேட்ட மாணவியே கடைசியில் களிமண்ணை விரலால் தோண்டி, உருண்டைக்குள்ளே சிம்பில் நூலைக் கட்டினாள். மையத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அது நேராக நின்றது.