முன்கட்டணத் தொலைபேசி அட்டைக்குக் கலைச்சொல்: ‘எண்ணட்டை’யும் ‘சேமத் தொடர்பு’ம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கட்டணத்தை முதலிலேயே செலுத்தி வாங்கும் தொலைபேசி அட்டையை, கைப்பேசி கைவிடும் வேளைக்கென்று உடன் வைத்திருக்கும் வழக்கத்துக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று தொடங்கிய இந்த உரையாடலில் இதுவரை முன்பண அட்டை, அழைப்பட்டை, பேச்சட்டை, அவசர அழைப்பு அட்டை என்னும் நான்கு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. நான்கும் உழைத்து ஆக்கப்பட்ட சொற்களே. ஆயினும், அந்த அட்டை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இவற்றில் எதுவும் தொடவில்லை என்பது என் எண்ணம். நெருக்கடியில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது அதுதான் என்பதால், சொல்லும் அங்கிருந்தே பிறக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

என் பட்டறிவு ஒன்றைச் சொல்ல இசைவு தாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவுப் பயணத்தின் நடுவே, வண்டி மாற வேண்டிய நிலையத்தில் என் கைப்பேசி மின்னேற்றம் தீர்ந்து அணைந்துவிட்டது. பணப்பையின் உள்மடிப்பில் நெடுநாளாகக் கிடந்த அட்டையை எடுத்து, அதன் பின்புறத்து வெள்ளிப் பூச்சை நகத்தால் சுரண்டினேன்; நாள்பட்ட பூச்சு இறுகிப் போயிருந்ததால் அசையவில்லை. நாணயத்தின் விளிம்பால் அழுத்திச் சுரண்டியபோது பூச்சோடு சேர்ந்து அடியில் அச்சிட்டிருந்த எண்ணிலும் கீறல் விழுந்து, ஏழாவது இலக்கம் 3 என்றும் 8 என்றும் மயங்கும்படி பாதி அழிந்தது. நிலையத்தின் தகவல் மேசையில் இருந்தவரிடம் நிலைமையைச் சொன்னேன். முதலில் அழைக்க வேண்டியதென்று அட்டையில் அச்சிட்டிருந்த எண் கட்டணமில்லா எண் என்பதைப் பார்த்தபின் தம் மேசைத் தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தார். அதை அழைத்து, பூச்சின் அடியில் இருந்த எண்ணைக் கொடுக்கையில் ஏழாவது இலக்கத்தை முதன்முறை 3 என்று அழுத்தினேன், மறுமுனையின் தானியங்கிக் குரல் ஏற்கவில்லை. 8 என்று அழுத்தியதும் இருப்பைச் சொல்லிவிட்டு, அழைக்க வேண்டிய எண்ணைக் கேட்டது. என் நினைவில் முழுமையாக இருந்தது தங்கையின் எண் ஒன்றுதான். அவரிடம் பேசியபின் அந்த அட்டையைக் கையில் வைத்துப் பார்த்தபோது, எனக்கு உதவியது அந்த நெகிழித் துண்டு அன்று, அதில் அச்சிட்டிருந்த எண்ணே என்பது உறைத்தது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாலும் அதே வேலை நடந்திருக்கும். சொல்லப்போனால், ஏழாவது இலக்கத்தோடு போராடாமல் நடந்திருக்கும்.

இந்த இடத்தில் இருவேறு கருவிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1970களின் நடுவில் இத்தாலியில் தொடங்கிப் பல நாடுகளில் பரவிய பழைய தொலைபேசி அட்டைகளில் பணத்தின் மதிப்பு அட்டையிலேயே பதிந்திருந்தது. சிலவற்றில் அது காந்தப் பட்டையில் இருந்தது. 1981இல் பிரித்தானியாவில் வந்த அட்டையில் ஒளியால் படிக்கப்படும் தடத்தில் இருந்தது. பிரான்சு 1980களில் பரப்பிய அட்டையில் மின்னணுச் சில்லில் இருந்தது. இவற்றைப் பொதுத் தொலைபேசியின் பிளவுக்குள் செருகினால், பேசப் பேசத் தொலைபேசியே மதிப்பைக் கழித்துக்கொள்ளும். அட்டையைப் படிக்கும் கருவி இல்லாத தொலைபேசியில் அவை வெறும் நெகிழி. சப்பானில் 1982 முதல் வழங்கும் தொலைபேசி அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அங்குள்ள பச்சைநிறப் பொதுத் தொலைபேசிகளில், மின்தடை ஏற்பட்டால் நாணயம் செல்லும், அட்டை செல்லாது. இணைப்புக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசிக் கம்பியின் வழியே வந்துவிடுகிறது. அட்டையைப் படிக்கும் பகுதிக்கோ தனியே மின்சாரம் வேண்டும். எந்த வேளைக்கென்று அட்டையை வைத்திருக்கிறோமோ, அந்த வேளையில்தான் அது உதவாமல் போகிறது.

இன்னொரு வகையில் அட்டையில் பணமே இல்லை. பணம் நிறுவனத்தின் கணினியில் ஒரு கணக்காக இருக்கிறது. அட்டையில் இருப்பவை அந்தக் கணக்குக்கு வழிகாட்டும் இரண்டு எண்கள் மட்டுமே. முதல் எண்ணை அழைத்தால் நிறுவனத்தின் இணைப்பகம் எடுக்கும். இரண்டாம் எண்ணைக் கொடுத்தால் கணக்கு திறக்கும். அதன்பின் பேச வேண்டியவரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையும் இரு ஒலிகளாகக் கம்பியில் செல்கிறது. 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்சு ஒலியும் 1336 ஹெர்ட்சு ஒலியும் ஒருசேரப் போகின்றன. இந்த ஒலிகளை எழுப்பத் தெரிந்த எந்தத் தொலைபேசியும் போதும்: அயலார் வீட்டுத் தொலைபேசி, கடன் வாங்கிய கைப்பேசி, விடுதியின் தொலைபேசி, எதுவாயினும் சரி. சுழல்வட்டு கொண்ட பழைய தொலைபேசிக்கு மட்டும் அது இயலாது.

இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், படிப்பவர் தவறான அட்டையை நம்பி இருந்துவிடக்கூடும். ஆகவே என் முன்மொழிவு இது: பொதுப்பெயராகத் ‘தொலைபேசி அட்டை’ என்பதையே வைத்துக்கொள்வோம். புலம்பெயர்ந்த தமிழர் நடுவே பல ஆண்டுகளாக வழங்கும் சொல் அது. வழக்கில் ஊன்றிய சொல்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட வேண்டிய தேவை இல்லை. மதிப்பு அட்டையிலேயே பதிந்திருக்கும் வகையைப் ‘பதிமதிப்பு அட்டை’ என்றும், எண்ணை மட்டும் தாங்கிய வகையை ‘எண்ணட்டை’ என்றும் அழைப்போம். எண் என்பதோடு அட்டை சேரும்போது தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிப்பது இயல்பான புணர்ச்சி; ஒலிப்பதற்கும் தடை இல்லை. கட்டண முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘முன்கட்டண எண்ணட்டை’ என்று விரிக்கலாம்.

முன்பணம் என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. முன்பணம் கொடுத்தால் மீதியைப் பின்னர்க் கொடுக்க வேண்டும் என்பதே தமிழில் அச்சொல்லின் பொருள். வீட்டுக்கும் வேலைக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம். இங்கே முழுக் கட்டணமும் முதலிலேயே செலுத்தப்பட்டுவிடுகிறது, பின்னர் எந்தக் கணக்கும் வராது. முன்கட்டணமா முற்கட்டணமா என்று எழுந்த வினாவில் நான் எந்தப் பக்கமும் வாதாடப் போவதில்லை. முற்பகலும் முன்பக்கமும் ஒரே மொழியில் வாழ்கின்றன.

அழைப்பட்டை என்பது கட்டமைப்பில் பிழையற்றதே. ஆனால் கண் அதை ‘அழைப் பட்டை’ என்றும் பிரிக்கும். இந்த அட்டைகளை விளக்கும் கட்டுரையில் காந்தப் பட்டையைப் பற்றியும் எழுத நேர்வதால் குழப்பம் கூடும். பிரித்து ‘அழைப்பு அட்டை’ என்று எழுதினாலோ திருமண அழைப்பிதழ் நினைவுக்கு வரும். பேச்சட்டையை முன்வைத்த அம்மையாரின் நோக்கம் எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் நாம் வாங்குவது உண்மையில் பேச்சு நேரத்தைத்தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் சட்டை என்னும் ஒலியே முன்னால் வந்து நிற்கிறது. அட்டை என்பதையே விலக்கிவிட்டு அழைப்பையும் எண்ணையும் புணர்த்தலாமே என்று ஒரு நண்பர் தனி மடலில் கேட்டிருந்தார். அப்படிப் புணரும்போது ‘பெண்’ என்னும் சொல் தெளிவாகப் படிக்கப்பட்டு இழிவான பொருளுக்கு இடம் கொடுக்கும் என்பதால் அது வேண்டாம்.

அவசர அழைப்பு அட்டை என்னும் சொல்லை நான் வலுவாகவே மறுக்கிறேன். காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகியவற்றை அழைக்கும் 112, 911 போன்ற எண்களுக்கு அட்டையும் வேண்டாம், பணமும் வேண்டாம். ‘அவசர அழைப்பு’ என்பது தமிழில் அந்த அழைப்புகளுக்கே உரியதாகிவிட்டது. அந்தப் பெயரை இந்த அட்டைக்கு வைத்தால், உயிர் போகும் நேரத்தில் ஒருவர் இதைத் தேடிப் பையைத் துழாவிக்கொண்டிருக்கக் கூடும். சொல்லாக்கத்தால் நேரும் அந்தத் தீங்கை நாம் முன்கூட்டியே தவிர்க்க வேண்டும். மேலும், அமெரிக்க அரசு நெருக்கடிப் பணியில் உள்ளோருக்கென்று வழங்கும் ஓர் அட்டை இருக்கிறது. அதிலும் அழைக்க வேண்டிய எண்ணும் மறைத்து வைக்க வேண்டிய எண்ணும் உண்டு, ஆனால் அது தருவது பேச்சு நேரம் அன்று; நெரிசல் மிகுந்த வலையமைப்பில் முன்னுரிமை. அவசரம் என்னும் அடை அதற்குப் பொருந்தும், நம் அட்டைக்குப் பொருந்தாது.

அப்படியானால் நெருக்கடிக்கென்று வைத்திருத்தல் என்னும் கருத்தை எப்படிச் சொல்வது? ‘மாற்று’ என்றால் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்வது போல் ஆகிறது. ‘காப்பு’ என்பது கணினித் துறையில் காப்புப்படி என்று நிலைத்துவிட்டது; அது படியெடுத்து வைப்பதைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது, பயன்படாமலே உடன் வந்துகொண்டிருந்து, முதன்மையானது முறியும்போது அதன் இடத்தில் பொருந்தும் ஒன்றின் பெயர். அதற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் ‘சேம அச்சு’க்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரமோ மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, போகும் வழியில் நேர்வதை யார் அறிவார் என்று உப்பு வணிகர் வண்டியின் அடிமரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பணப்பையின் உள்மடிப்பில் கிடக்கும் எண்ணட்டைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி எனக்குத் தோன்றவில்லை.

சேமம் வடசொல் என்று விலக்குவோரும், ஏமம் என்னும் பழஞ்சொல்லோடு உறவுடையது என்று கொள்வோரும் இங்கே இருக்கிறீர்கள். அந்த வழக்கை இப்போது தீர்க்க வேண்டியதில்லை. சங்கப் பாட்டில் இதே பொருளில் ஆளப்பட்டது, சேமநல நிதி, சேமலாப நிதி என்று இன்றும் மக்கள் வாயில் இருப்பது, இவ்விரண்டும் எனக்குப் போதுமானவை. எனவே முதன்மைத் தொடர்பு அறும்போது கைகொடுக்கும் ஏற்பாடு அனைத்துக்கும் ‘சேமத் தொடர்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். எண்ணட்டை அதில் ஒன்று. எழுதி வைத்த எண்களின் பட்டியல் மற்றொன்று. வெளியூரில் இருக்கும் ஒரு பொது உறவினரிடம் எல்லாரும் செய்தி சொல்வதென்று குடும்பத்துக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு வேறொன்று. பேரிடர் நேர்ந்த இடத்துக்குள் பேசும் அழைப்புகள் நெரிசலில் சிக்கும்போது வெளியூர் அழைப்பு கிடைத்துவிடுவது உண்டு என்பதால், எண்ணட்டையும் அந்த வெளியூர் உறவினரும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

துணைச்சொற்கள் சிலவற்றையும் இத்துடன் முடிவு செய்துவிட்டால் நல்லது. முதலில் அழைக்க வேண்டிய எண்ணுக்கு ‘நுழைவெண்’ தெளிவாக இருக்கிறது. இரண்டாம் எண்ணை ‘அடையாள எண்’ என்பது பொருந்தாது. அது எவரையும் அடையாளம் காட்டுவதில்லை, யார் கையில் கிடைத்தாலும் அவருக்கே பணம் திறக்கும். ஆகையால் ‘மறைவெண்’ என்பதே சரி. மறைத்து வைக்க வேண்டும் என்னும் எச்சரிக்கையும் சொல்லிலேயே இருக்கிறது. அதை மூடியிருக்கும் பூச்சைச் ‘சுரண்டல் பூச்சு’ என்று எழுதியிருந்தீர்கள். சுரண்டல் இன்று ஏய்த்துப் பறிப்பதன் பெயராக வேரூன்றிவிட்டதால் ‘சுரண்டு பூச்சு’ என்று வினைத்தொகையாக்கிவிடலாம். நிமிடக் கணக்கை மேல்நோக்கி முழுமையாக்குவதும், பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்தால் கூடுதலாகக் கழிப்பதும், மாதந்தோறும் பேணற்கட்டணம் என்று குறைப்பதும் அட்டைக்கு அட்டை வேறுபடும். இவை அனைத்துக்கும் ‘கழிவு’ என்னும் ஒரு சொல் போதும்.

காலாவதி பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். எண்ணட்டைகளில் இரண்டு நாள்கள் இருக்கக்கூடும்: அட்டையைத் திறந்து பயன்படுத்தத் தொடங்க வேண்டிய கடைசி நாள் ஒன்று, முதல் அழைப்புக்குப்பின் இத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்னும் கெடு இன்னொன்று. சேமத்துக்கென்று வைத்திருப்பவர், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஒருமுறை அழைத்துப் பார்த்தால், அந்த நொடியிலேயே இரண்டாம் கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதலாவதைத் ‘தொடக்கக் கெடு’ என்றும், இரண்டாவதைப் ‘பயன்கெடு’ என்றும் பிரித்து வழங்கலாம் என்று நினைத்தேன். எழுதியபின் பயன்கெடு என்பது பயன் கெடுதல் என்றும் படிக்கப்படுவதைக் கண்டேன். ‘தீர்கெடு’ அதைவிட மேலாகத் தோன்றுகிறது. உங்களுக்கு வேறு தோன்றினால் எழுதுங்கள்.

பொதுத் தொலைபேசிகள் குறைந்துவரும் காலத்தில் இந்தச் சொல் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தது நியாயமான கேள்வி. நியூயார்க்கு நகரம் தனக்குரிய கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே மாதத்தில் அகற்றியது. ஆஸ்திரேலியாவிலோ 2021 ஆகஸ்ட் முதல் டெல்ஸ்ட்ரா என்னும் தொலைபேசி நிறுவனத்தின் பொதுத் தொலைபேசிகளில் உள்நாட்டு அழைப்புகளுக்குக் கட்டணமே இல்லை. இரண்டும் பதிமதிப்பு அட்டையின் காலம் முடிந்துவருவதைக் காட்டுகின்றன. எண்ணட்டையோ பொதுத் தொலைபேசியை மட்டும் சார்ந்தது அன்று. என் அனுபவத்தில் அதைத் தாங்கியது தகவல் மேசையில் இருந்தவரின் தொலைபேசிதான்.

ஒன்றே ஒன்று எனக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. ஈழத்து வழக்கில் இவ்வகை எண்களுக்கு இலக்கம் என்பதே இயல்பு; தொலைபேசி இலக்கம், இரகசிய இலக்கம் என்றே எழுதுகிறார்கள். அவர்கள் காதுக்கு எண்ணட்டை அயலாக ஒலிக்குமா, அல்லது ‘இலக்க அட்டை’ என்பதை இணைச்சொல்லாக நம் கலைச்சொற் பட்டியலில் சேர்க்க வேண்டுமா என்பதை அவ்வழக்கில் எழுதும் நண்பர்களே சொல்ல வேண்டும். அவர்கள் விடை வரும்வரை பட்டியலில் இச்சொல்லை முடிவானதாகக் குறிக்காமல் விட்டுவைக்கிறேன்.