தூண்டில் ஃப்ளை (முள்ளில் நூல் சுற்றிக் கட்டும் போலிப் பூச்சி) மேல் பூச்சு பிசுபிசு என்று ஒட்டுகிறது, கண்ணாடி போல வர என்ன வழி?

ஆற்றோரம்
வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். சனிக்கிழமை ஆற்றுக்குப் போகிறோம். அதற்குள் ஒரு பெட்டி நிறைய பெர்டிகோன் நிம்ஃப் (தண்ணீருக்கடியில் போகும் வழுவழுப்பான ஃப்ளை) கட்டியாக வேண்டும். கட்டுவதில் குறை இல்லை, உடம்பு வால் பக்கம் ஒடுங்கி அழகாகத்தான் வருகிறது. மேல் பூச்சில்தான் தகராறு. விரல் வைத்தால் ஒட்டுகிறது. பெட்டியில் செருகினால் ஸ்பாஞ்சுத் துகள் எல்லாம் மேலே அப்பிக்கொள்கிறது. படங்களில் பார்க்கிற மாதிரி கெட்டியாகப் பளபளவென்று வர என்ன செய்ய வேண்டும்?

நூலும்_முள்ளும்
எதைப் பூசினீர்கள்? ஹெட் சிமெண்டா (தலையில் நூல் அவிழாமல் பூசும் வார்னிஷ்), எபாக்ஸியா, புற ஊதா டார்ச் அடித்து இறுக்கும் யூவி ரெசினா, நகப் பூச்சா?

கெண்டைக்குஞ்சு
நூல்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். மெழுகு பூசிய நூலா பாருங்கள். மெழுகு இருந்தால் எதைப் பூசினாலும் உள்ளே இறங்காது, அங்கங்கே திட்டுத் திட்டாக விலகி நிற்கும். மெழுகில்லாத நூலுக்கு மாறியதிலிருந்து எனக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பழைய_வைஸ்
மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. சரி, கேட்டுக்கொள் தம்பி. இரண்டு பாக எபாக்ஸி வாங்கு. பிசினும் கெட்டிப்பானும் அளவில் சரிபாதி. நிதானமாகக் கலக்கு, வேகமாகக் கலக்கினால் குமிழி ஏறும். பூசியதும் சுழலும் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போய்ப் படு. காலையில் கண்ணாடி. அவசரக்காரர்களுக்கு இந்தக் கலை வராது.

நூலும்_முள்ளும்
அவர் எதைப் பூசினார் என்றே இன்னும் சொல்லவில்லை, அதற்குள் மருந்துச் சீட்டு எழுதியாகிவிட்டதா ஐயா?

ஆற்றோரம்
யூவி ரெசின்தான், கெட்டி வகை. டார்ச் அடித்தேன். முதுகில் கருப்புப் பொட்டு வைக்கிற இடம் மற்ற இடங்களைவிட மோசம்.

மீன்கொத்தி
என்ன டார்ச்? ரெசினோடு வந்ததா, ரூபாய் நோட்டு பார்க்கிற சின்ன ஊதா டார்ச்சா? பேட்டரி புதிதா? எவ்வளவு தடிப்பாகப் பூசினீர்கள்? கருப்புப் பொட்டு நகப் பூச்சில் வைத்ததா, கருப்பு ரெசினா?

அப்புறம் ஒரு சின்ன சோதனை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுகிறதா, இல்லை உள்ளே கல் போல இருந்து மேலே மட்டும் பிசுக்கா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கெண்டைக்குஞ்சு
அப்படியானால் காற்றின் ஈரப்பதம். மழை நாளில் எனக்கும் இப்படி ஆகும்.

நூலும்_முள்ளும்
ஈரத்தில் கெடுவது எபாக்ஸி. மேலே மெழுகுத் தோல் மாதிரி ஒரு படலம் வரும். சூப்பர் க்ளூ என்றால் வெள்ளையாகப் பூத்துப்போகும். யூவி ரெசினுக்கு ஈரத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை.

ஆற்றோரம்
உடம்பு கெட்டி, மேலே மட்டும் பிசுக்கு. பொட்டில் நகம் இறங்குகிறது. பொட்டு கருப்பு ரெசின். டார்ச் சின்னதுதான்.

மீன்கொத்தி
அப்படியானால் இரண்டு கோளாறு சேர்ந்து நிற்கிறது.

முதலில் பிசுக்கு. யூவி ரெசின் வார்னிஷ் மாதிரி உலர்ந்து கெட்டியாவதில்லை. ஒளி பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அந்தக் கோர்வையை நடுவில் அறுத்துவிடும். அதனால் காற்று படும் மேல் தோல் மட்டும் அரைகுறையாக நின்றுபோகும், உள்ளே இருப்பது கல்லாகிவிடும். இன்னும் நேரம் டார்ச் அடித்தால் பிசுக்கு குறையலாம், முழுதாகப் போகும் என்று நம்ப வேண்டாம். பிசுக்கு வராத வகை ரெசின் தனியாகக் கிடைக்கிறது, அடுத்த முறை புட்டியில் பார்த்து வாங்குங்கள்.

இப்போது கையில் இருப்பதற்கு வழி: நன்றாக டார்ச் அடித்து முடித்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். அசிட்டோனும் வேண்டாம், ஃப்ளையின் தலையில் கோத்த மணியின் பெயிண்ட்டைக் கரைத்துவிடும். துடைத்ததும் பிசுக்கு போய்விடும், ஆனால் பளபளப்பும் கொஞ்சம் மங்கும். இவ்வளவு நேரம் மினுமினுத்தது அந்த ஈரத் தோல்தானே. அதற்கு மேல் நிறமில்லாத நகப் பூச்சு அல்லது நீர்த்த ஹெட் சிமெண்ட் ஒரு மெல்லிய கோட் கொடுங்கள். ஊசி முனையில் ஒரு துளி எடுத்து, முள்ளைத் திருப்பித் திருப்பிப் பரப்பினால் தானாகச் சமமாகிவிடும். அது காய்ந்தபின் இன்னொரு மெல்லிய கோட். தடிப்பாக ஒரே கோட் போட்டால் மேல் தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே கரைப்பான் மாட்டிக்கொள்ளும், சுருங்கிப்போகும். முள்ளின் கண்துளை அடைத்துக்கொண்டால் காய்வதற்கு முன் ஒரு சிறகுத் தண்டை நுழைத்து இழுத்துவிடுங்கள். காய்ந்தபின் குத்தினால் தலைப் பூச்சு விண்டுவிடும்.

அடுத்து பொட்டு. கருப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடும். மேலே இறுகும், அடியில் கூழாகவே இருக்கும். அதனால்தான் நகம் இறங்குகிறது. கருப்பு ரெசினை மிக மெலிசாகத் தடவி, டார்ச்சை ஒட்டினாற்போலப் பிடித்து, பக்கவாட்டிலிருந்தும் அடியுங்கள். இல்லையென்றால் ரெசினை விட்டுவிட்டுக் கருப்பு நகப் பூச்சில் பொட்டு வையுங்கள். அது முழுக்கக் காய்ந்தபின்தான் மேலே தெளிந்த ரெசின்.

டார்ச்சையும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான ஃப்ளை ரெசின்கள் 365 முதல் 405 நானோமீட்டருக்குள் வருகிற ஒளிக்குச் செய்தவை. புட்டியில் இருக்கும் எண்ணும் டார்ச்சில் இருக்கும் எண்ணும் பொருந்த வேண்டும். பேட்டரி இறங்கினாலும் ஊதா வெளிச்சம் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும், வேலைதான் நடக்காது. வெயில் இருந்தால் முடித்த ஃப்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே வையுங்கள், சின்ன டார்ச்சைவிட நன்றாக வேலை செய்யும்.

பழைய_வைஸ்
ஆல்கஹால், அப்புறம் நகப் பூச்சு, அப்புறம் இன்னொரு கோட், அப்புறம் வெயில். இத்தனை பாட்டுக்கு எபாக்ஸி எவ்வளவோ மேல் என்று நான் சொன்னால் மட்டும் மருந்துச் சீட்டு.

நூலும்_முள்ளும்
உங்கள் எபாக்ஸி மஞ்சளாகிப்போவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெள்ளி உடம்பில் பூசியது பெட்டியில் கிடந்தே தேநீர் நிறத்துக்கு வந்துவிடுகிறது. அளவு ஒரு துளி பிசகினாலும் ஆயுள் முழுக்கப் பிசுக்குதான், அதற்கு ஆல்கஹாலும் உதவாது.

பழைய_வைஸ்
மஞ்சளானால் என்ன? மீன் என்ன கண்காட்சிக்கா வருகிறது? அளவு பிசகுவது கையின் குறை, எபாக்ஸியின் குறை இல்லை.

கெண்டைக்குஞ்சு
எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பளபளப்பு தேவையா? தெளிந்த தண்ணீரில் மின்னினால் மீன் மிரண்டுவிடாதா? நான் பளபளப்பே இல்லாத ஹெட் சிமெண்ட்தான் போடுகிறேன்.

மீன்கொத்தி
தண்ணீர் மேல் மிதக்கிற உலர் ஃப்ளைக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே தலையில் ஒரு துளி போதும், பளபளப்பு வேண்டாம். பெர்டிகோன் கதை வேறு. சிறகும் ரோமமும் இல்லாத வழுவழுப்பான உடம்பு என்பதால்தான் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சட்டென்று அடிக்குப் போகிறது. பூச்சு கெட்டியாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ரெசின். பளபளப்பு அதோடு இலவசமாக வருவது.

நூலும்_முள்ளும்
பளபளப்பு பாதி மீனுக்கு, பாதி பெட்டியைத் திறந்து நண்பர்களிடம் காட்டுவதற்கு. அதையும் ஒப்புக்கொள்வோம்.

பழைய_வைஸ்
சால்மன் மீனுக்குக் கட்டும் ஃப்ளையின் கருப்புத் தலையை வார்னிஷில் கோட் மேல் கோட்டாகப் போட்டுக் கண்ணாடி ஆக்கினார்களே, டார்ச் வருவதற்கு முன்பே. அதெல்லாம் பொறுமை.

மீன்கொத்தி
அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன், மெல்லிய கோட், ஒன்றன்மேல் ஒன்று.

ஊசிமுனை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், யாரும் சொல்லவில்லையே என்று சொல்கிறேன். இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வந்துவிடும், ஒருமுறை வந்தால் அப்புறம் லேசில் விடாது. பிசுக்கை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். துடைத்த துணியை வெயிலில் இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். டார்ச் அடிக்கும்போது புட்டியை மூடிவையுங்கள், இல்லையென்றால் ரெசின் புட்டியின் மூக்கிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும்.

ஆற்றோரம்
ஆல்கஹால் வேலை செய்தது, பிசுக்கு போச்சு. மங்கியதன் மேல் நகப் பூச்சு போட்டேன், நன்றாக இருக்கிறது. பேட்டரியும் மாற்றினேன். கிளம்புகிறேன், எல்லாருக்கும் நன்றி.

நூலும்_முள்ளும்
கருப்புப் பொட்டு என்ன ஆயிற்று?

கெண்டைக்குஞ்சு
நூலில் மெழுகு இருந்ததா இல்லையா, அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பழைய_வைஸ்
போய்விட்டார். இனி அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது இதே கேள்வியோடு வருவார்கள்.