விறகடுப்பை எந்த மூலையில் வைப்பது?

அணைக்கட்டுக்காரி:
கேஸ் இருக்கிறது, ஆனாலும் வெந்நீருக்கும் கேழ்வரகுக் களிக்கும் விறகடுப்பு வேண்டும் என்கிறார் மாமியார். அக்னி மூலை என்று மேஸ்திரி தென்கிழக்கில் கோடு போட்டுவிட்டார். அதை ஒட்டியே படுக்கையறை ஜன்னல்! பழைய அடுப்பின் கரி உத்திரத்தில் இன்னும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

குடியாத்தம் தாத்தா:
மேஸ்திரி சொன்னதில் காரணம் இருக்கிறதம்மா. ஆடியில் காற்று மேற்கேயிருந்து அடிக்கும், புகை வெளியே போய்விடும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து திரும்பும்போதுதான் தொல்லை. புகைபோக்கியை வளைக்காமல் நேராக, ஓட்டு முகட்டைத் தாண்டி இரண்டடி ஏற்றுங்கள். ஈர வேலிக்காத்தான் விறகை எரித்தால் எந்த மூலையும் உதவாது.

காட்பாடி வாசி:
நாங்கள் புறக்கடைத் தாழ்வாரத்தில் வைத்தோம். வீட்டுக்குள் புகையே இல்லை. ஆனால் கீற்றுக் கூரை. ஒருநாள் பொறி பறந்து ஒரு கீற்று கருகியது, குடத்துத் தண்ணீரை வீசி அணைத்தேன். இப்போது மேலே தகரம்.

அணைக்கட்டுக்காரி:
சரி, தாழ்வாரம்தான், அதிலும் தென்கிழக்கு ஓரம். மாமியாரும் ஒத்துக்கொண்டார். பக்கத்தில் ஒட்டினாற்போல் துணை அடுப்பாக ஒரு கொடியடுப்பும் சேர்த்துப் போடச் சொல்கிறார்!